மாமாவின் ரோலெக்ஸும் பேட்டைக் கடைக்காரரும்

என் அக்கா வீட்டில் இருந்த பழைய ரோலெக்ஸ் கைக்கடிகாரம் ஒன்றை 2024-ஆம் ஆண்டில் நான் முன்னின்று விற்றுக் கொடுத்தேன். அந்தச் செய்தி எப்படியோ பரவி, நம் சங்கத்து அன்பர்கள் நான்கைந்து பேர், "எங்க வீட்லயும் அப்பாவோட ஒமேகா ஒண்ணு கிடக்குது சார், யாருகிட்ட கொடுக்கலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைக் காட்டிலும் எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. நான் கடிகார நிபுணன் அல்லன். கிருஷ்ணராஜபுரம் டீசல் ஷெட்டில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். இயந்திரம் எதுவானாலும் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

முதலில் இந்த வகைக் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலங்காரத்துக்கு அல்லாமல் ஒரு தொழிலுக்கென்றே செய்யப்பட்டவற்றை 'டூல் வாட்ச்' என்கிறார்கள். நாம் 'வேலைக் கடிகாரம்' என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வழிகாட்டியவர்களில் ரயில்வேக்காரர்களும் உண்டு என்பதில் எனக்கு ஒரு பெருமை. 1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. டிரைவர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மறுபடியும் ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு வெப் பால் என்ற கடிகாரக்காரரை அழைத்து, ரயில் ஊழியர்களின் கடிகாரம் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது என்பது போன்ற விதிகளை வகுத்தார்கள். பிற்பாடு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கடிகாரம் வந்தது. காந்தப் புலத்தின் நடுவே வேலை செய்யும் பொறியாளர்களுக்காக ரோலெக்ஸ் 1956-ல் 'மில்காஸ்' என்று ஒன்றையும், ஒமேகா 1957-ல் 'ரயில்மாஸ்டர்' என்று ஒன்றையும் வெளியிட்டன. நம் ஷெட்டில் டிராக்ஷன் மோட்டார்களுக்கு நடுவே நின்ற எங்களுக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். எங்கள் கையில் இருந்தது எச்.எம்.டி. அதுவும் ஓடத்தான் செய்தது.

எச்.எம்.டி. என்றதும் பெங்களூர்க்காரர்கள் கொஞ்ச நேரம் நிற்காமல் போக முடியாது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் இந்த ஊரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். 'ஜனதா', 'பைலட்' என்ற பெயர்கள் நம் வயதுக்காரர்களுக்கு உறவினர் பெயர் போல. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனால் அந்தத் தொழில் இந்த ஊருக்குக் கடிகாரம் தெரிந்த கைகளைக் கொடுத்துவிட்டுத்தான் போனது. பேட்டைப் பகுதியில் இன்றும் சின்னச் சின்னக் கடைகளில் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, வணிகக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். 1978-ல் ஹாங்காங் துறைமுகத்தில் இறங்கியபோது ரோலெக்ஸ் சப்மரைனர் ஒன்றை வாங்கினார். மாடல் எண் 5513. கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்காக ரோலெக்ஸ் 1953-ல் தொடங்கிய வரிசை இது. 5513 என்ற மாடல் 1962 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் விற்பனையில் இருந்தது. 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது. தேதி காட்டாது. டயலைச் சுற்றித் திருகக்கூடிய ஒரு வளையம் உண்டு. மூழ்குகிறவர் அதைத் திருகி வைத்துக்கொண்டால் எத்தனை நிமிடம் நீருக்குள் இருந்தோம் என்பது பார்த்ததும் தெரியும். மாமா ஒரு நாளும் மூழ்கியதில்லை. அவருக்கு நீச்சலே சுமார்தான். கப்பலில் ஜெனரேட்டரை நிறுத்துமுன் எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பார்க்க அந்த வளையத்தைத் திருகுவாராம். லீவில் வீட்டுக்கு வந்தால் இட்லிக் குண்டானுக்கு அதே வளையம்தான். ஆவி வந்ததும் ஒரு திருகு, பன்னிரண்டாவது நிமிடம், "எறக்கு!" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

மாமா 2022-ல் காலமானார். கடிகாரம் தானாகச் சாவி ஏறும் வகை. கையில் கட்டாவிட்டால் இரண்டு நாளில் நின்றுபோகும். அக்கா அதை நிற்க விடவில்லை. வீட்டு வேலை செய்யும்போது தானே கட்டிக்கொள்வாள். அது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போய்ப் போய் வரும். அவளுக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. அப்பா கடிகாரம் எனக்கு என்று பெரியவளும் சொல்லவில்லை, சின்னவளும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அக்காவை உறுத்தியது. "நகையா இருந்தா ஆளுக்குப் பாதியா எடை போட்டுக் குடுத்துடுவேன். இத எப்படிடா ரெண்டாக்கறது? நான் இருக்கறப்பவே ஒரு முடிவு பண்ணிடணும்" என்றாள். இப்படித்தான் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

அக்கா நகையை உதாரணம் காட்டியதும் எனக்கு ஒன்று உறைத்தது. நம் வீடுகளில் விலையுயர்ந்த பொருளை விற்பது என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் தங்கம்தான். எடை, மாற்று, சேதாரம், அன்றைய ரேட்; நான்கும் தெரிந்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா இல்லையா என்று நாமே கணக்குப் போடலாம். சப்மரைனரில் தங்கம் இல்லை, முழுக்க எஃகு. "இரும்புக்கா இவ்வளவு விலை?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. இதன் விலை உலோகத்தில் இல்லை. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் ஒவ்வொரு பாகமும் அந்தக் கடிகாரத்தோடு பிறந்ததுதானா என்பதில் இருக்கிறது. அதைச் சொல்ல உரைகல் எதுவும் கிடையாது. பழகிய ஒரு கண்தான் உண்டு. அந்தக் கண் யாருடையது, அது நம் பக்கம் பார்க்குமா தன் பக்கம் பார்க்குமா என்பதுதான் முழுக் கேள்வியும்.

பெரிய மருமகன் இணையத்தில் படம் போட்டார். தப்பில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். இரண்டே நாளில் ஓர் இளைஞர் வந்தார். நல்ல பேச்சு. கடிகாரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். பாதியை ரொக்கமாக அப்போதே தருவதாகவும், கடிகாரத்தைத் தன் முதலாளியிடம் காட்டிவிட்டு மறுநாள் மீதியைத் தருவதாகவும் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பொருளைப் பார்க்காமல் விலை சொல்கிறவர் பொருளின் விலையைச் சொல்லவில்லை. தவிர, 2017 ஏப்ரல் முதல் ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது சட்டம். அபராதம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய நமக்கு. அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. இது பலருக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய மாலில் உள்ள கடையிலும் விசாரித்தோம். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அக்காவுக்குப் புதிய கடிகாரம் எதற்கு?

கடைசியில் நான் போனது பேட்டையில் எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு கடைக்கு. மூன்று தலைமுறைக் கடை. இப்போது நடத்துகிறவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கண்டோன்மென்ட் தமிழ் பேசுவார். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். எங்கள் ஷெட் ஆட்களின் எச்.எம்.டி. எல்லாம் அவருடைய அப்பாவிடம்தான் ரிப்பேருக்குப் போகும். "இது எண்ணெய் போட்டா போதும், பார்ட் மாத்த வேணாம்" என்று சொல்லி வருமானத்தைக் குறைத்துக்கொள்கிற கடை. நம்பிக்கை என்பது இப்படிப் பத்து ரூபாய் வேலையில் சேர்வதுதானே. பத்து லட்ச ரூபாய் வேலையின்போது போய்த் தேடினால் கிடைக்காது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சோதித்த முறையை ஓர் எஞ்சினியராக ரசித்தேன். முதலில் கையில் வாங்கி வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளும் ஒரே கனமாக, விளிம்பு கூர் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதாகச் சொன்னார். யாராவது பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டிருந்தால் அங்கேதான் உலோகம் தேய்ந்திருக்குமாம். மாமாவுடையதில் கீறல் ஏராளம். "கீறல் இருக்கட்டும் சார், அது வேலை செஞ்ச அடையாளம். பாலிஷ் போட்டு நீங்க கொண்டாந்திருந்தா விலை கொறைஞ்சிருக்கும்" என்றார். ஆகவே அன்பர்களே, விற்பதற்கு முன் கடிகாரத்தை மெருகேற்ற வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு அல்ல அது.

அடுத்து விளக்கை அணைத்தார். டயலில் உள்ள புள்ளிகளும் முட்களும் இருட்டில் ஒளிர்கின்றனவா என்று பார்த்தார். ஒளிரவில்லை. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "முன்னெல்லாம் நல்லா மின்னும். இப்ப கெட்டுப்போச்சு போல" என்று மெல்லச் சொன்னாள். அவரோ சந்தோஷப்பட்டார். டயலின் அடியில், 'ஸ்விஸ்' என்ற சொல்லை ஒட்டி 'டி' என்ற எழுத்து இருக்கும். ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ட்ரிட்டியம் சுமார் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1978-லிருந்து 46 ஆண்டுகள். கணக்குப் போட்டேன், நூற்றுக்கு ஏழோ எட்டோதான் மிச்சம் இருக்க வேண்டும். பூச்சும் வயதாகி வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடும். அத்தனை வயதான டயல் இன்றைக்குப் பளிச்சென்று ஒளிர்ந்தால், பின்னால் யாரோ டயலையோ பூச்சையோ மாற்றிவிட்டார்கள் என்று பொருள். முட்களும் புள்ளிகளும் ஒரே நிறத்தில் மங்கியிருந்தால்தான் இரண்டும் ஒன்றாக வயதானவை. மாமா ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுக்கப் போனபோது டயலைப் புதிதாக மாற்றித் தருகிறோம் என்று யாரோ சொல்ல, செலவுக்குப் பயந்து வேண்டாம் என்று வந்துவிட்டாராம். அந்தச் சிக்கனம் இப்போது லாபமாக முடிந்தது.

பிறகு எஃகுப் பட்டையைக் கழற்றினார். பன்னிரண்டு மணிப் பக்கத்தில் இரு கொம்புகளுக்கு நடுவே மாடல் எண்ணும், ஆறு மணிப் பக்கத்தில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். பட்டை இருக்கும்வரை தெரியாது. அதற்கப்புறம் பின் மூடியைத் திறந்து மெஷினைக் காட்டினார். டைமிங் மெஷினில் வைத்ததும் மணிக்கு 19,800 துடிப்பு. நாளுக்குப் பதினோரு விநாடி முந்துகிறது என்று காட்டியது. எஞ்சின் ஆயில் பார்த்த கண்ணுக்கு அந்தச் சின்னச் சக்கரங்கள் வேறு உலகம். நான் எழுந்திருக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் பார்த்துவிட்டு அவர் விலை சொல்லவில்லை. "பில்லு, கேரண்டி காகிதம் ஏதாச்சும் இருக்கா பாருங்கம்மா. இருந்தா ஒரு விலை, இல்லாட்டி வேற விலை. வீட்ல நல்லாத் தேடிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அதுதான் போதுமான சான்றாக இருந்தது. வாய் திறக்காமல் குறைந்த விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, காகிதம் பிறகு கிடைத்தால் நம்மிடமே வாங்கிக்கொள்ளவும் அவரால் முடிந்திருக்கும். அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில், மாமாவின் கப்பல் பணிப் புத்தகத்துக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஹாங்காங் கடை ரசீது, வரிசை எண் துளையிட்ட காகிதம், கூடவே அவர் எந்தக் கப்பலில் என்றைக்கு ஏறி என்றைக்கு இறங்கினார் என்ற பதிவுகள். கப்பல்காரர்களின் குடும்பத்தார் அந்தப் புத்தகத்தை வீசிவிட வேண்டாம்.

இவ்வளவு சோதனை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. எடுத்தது வேறு யாருமல்ல, ஒமேகா கம்பெனியே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல்தான் வெளியே வந்தது: பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது, அந்தக் கம்பெனியின் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் பங்கு இருந்தது. செய்தவர்களே ஏமாந்த இடத்தில் நாம் எந்த மூலை? நம் நாட்டிலும் பழைய எச்.எம்.டி., வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா மெஷின்களுக்குப் புது டயல் அச்சடித்துப் போட்டு விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பயத்தினால்தான் பெரிய கம்பெனிகளும் பழைய சரக்கில் இறங்கிவிட்டன. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் தானே சோதித்து இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு பழைய கடிகாரங்களை விற்கும் திட்டத்தை ஐரோப்பாவில் தொடங்கியது. இந்தியாவில் ஈத்தாஸ் நிறுவனம் 'செகண்ட் மூவ்மெண்ட்' என்ற பெயரில் இதே வியாபாரத்தை நடத்துகிறது.

மறுவாரம் போனபோது கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அவரே மொத்தமாக வாங்கிக்கொள்வது, பணம் உடனே. இன்னொன்று, கடிகாரம் நம்முடையதாகவே அவரிடம் இருக்க, விற்றதும் அவர் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவது. இரண்டாவதில் தொகை கூடும். ஆனால் எப்போது விற்கும் என்று சொல்ல முடியாது. உலகச் சந்தையில் இவற்றின் விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கியதையும் அவரே சொன்னார். அக்கா முதல் வழியைக் கேட்டாள். அவர் சொன்ன தொகையை இங்கே எழுதப்போவதில்லை. அது என் பணம் அல்ல. அந்த இளைஞர் வாயால் சொன்னதைவிட அது ஒரு லட்சம் குறைவு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இதில் பெரிய மருமகனுக்கு மனத்தாங்கல். "ஒரு லட்சத்தை ஏன் விடணும் மாமா?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா குறுக்கிட்டாள். "அந்தப் பையன் கடிகாரத்த ஒரு தடவகூடத் திருப்பிப் பாக்கல. இவரு ரெண்டு வாரம் பாத்தாரு. அவரு கையில குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கடைக்காரரின் ஒரு நிபந்தனை எனக்குப் புதிதாக இருந்தது. கடிகாரம் இறந்தவருடையது என்பதால், இரண்டு பெண்களும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார். பின்னால் வாரிசுத் தகராறு வந்தால் தனக்கும் சிக்கல், வாங்குபவருக்கும் சிக்கல் என்றார். அக்காவின் ஆதார், பான் அட்டை நகல்களையும் வாங்கிக்கொண்டார். திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்க நல்ல கடைகள் இப்படித்தான் செய்கின்றன. கேட்காத கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சின்னவள் கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போட்டாள். பணம் அக்காவின் வங்கிக் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகுதான், கவுன்டர் மேலேயே இருந்த கடிகாரத்தை அவர் எடுத்து உள்ளே வைத்தார். நாங்கள் சொல்லாமலே.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய பொருள் வியாபாரிகள் ஜி.எஸ்.டி.யைத் தங்கள் லாபப் பகுதிக்கு மட்டும் கட்டும் முறை இருக்கிறது. 2025 ஏப்ரலில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகார விற்பனைக்கு, விற்கும் வியாபாரி வாங்குபவரிடம் ஒரு சதவீதம் முன்வரி பிடிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, ஸ்விஸ் கடிகாரங்களின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. அது பழையவற்றின் விலையையும் தொடும் என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். விற்பவருக்கு வருமான வரி உண்டா என்பதைப் பொருளை வைத்தும் ஆளை வைத்தும் உங்கள் ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா அந்தத் தொகையைச் சரிபாதியாக இரண்டு பெண்கள் பெயரிலும் டெபாசிட் போட்டாள். ஒரு வாரம் கழித்து எனக்கு போன். தையல் டப்பாவைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தபோது இரண்டு எஃகுக் கண்ணிகள் கிடைத்தனவாம். வாங்கிய புதிதில் மாமா தன் கைக்குப் பட்டை பெரிதாக இருக்கிறது என்று கழற்றி வைத்தவை. "அதுவும் அவங்களுக்குச் சேர வேண்டியதுதானேடா?" என்றாள். மறுநாள் கே.ஆர்.புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கிக் கடைக்குப் போனேன். கடிகாரம் அங்கே இல்லை. ஏற்கெனவே ஒருவர் வாங்கிப் போய்விட்டார். கண்ணிகளை லென்ஸ் வைத்துப் பார்த்த கடைக்காரர், இதற்கும் விலை உண்டு என்று ஒரு தொகையைக் காகிதத்தில் குறித்து அக்காவின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். வாங்கியவருக்கு மணிக்கட்டு பெரியதாம். பட்டை இறுக்குகிறது, இதே காலத்துக் கண்ணி எங்காவது கிடைக்குமா என்று இரண்டு முறை போன் செய்திருந்தாராம்.